பன்னிரண்டாவது பேட்டி

மெர்லிமாவ்
9 மார்ச் 2025

அக்கா,

இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு இருமல் உண்டு, பழைய இருமல்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கோலாலம்பூரில் இன்னும் மழையா?

கடிதமா என்று நீ சிரிக்கலாம். காரணம் இருக்கிறது. வியாழக்கிழமை வாட்சாப்பில் உன்னிடம் ஒன்று கேட்டேன். பதில் வந்தது. 'உங்கள் கவலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். இது குறித்து விரைவில் தெளிவுபடுத்துகிறேன்.' நான் பிறந்ததிலிருந்து நீ என்னை நீங்கள் என்று அழைத்ததில்லை. டேய் என்பாய். கோபம் வந்தால் எருமை. அந்தப் பதிலை நீ எழுதவில்லை. எழுதியது எதுவோ, அதனோடு எனக்குப் பேச்சு இல்லை. கையால் எழுது. கோணல் எழுத்தாக இருந்தாலும் உன்னுடையது என்று தெரியும்.

விஷயம் இதுதான். நம் பக்கத்து வீட்டு ராஜம்மா அத்தை சொக்சோவில், தொழிலாளர் காப்புறுதி ஆபிசில், நோய்க்காகப் போட்ட மனுவுக்குத் தோட்டக் கம்பெனி மறுப்பு எழுதியிருக்கிறது. பத்தொன்பது வருடம் முதுகில் பம்பைச் சுமந்து செம்பனைக் காட்டில் புல்லுக்கு மருந்தடித்தவர். கைவிரல்களில் பாதிக்கு நகம் இல்லை. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. அத்தனை வருடமும் கான்டிராக்டர் ஆளாக வேலை செய்ததால் தோட்டத்துக் கணக்கர் கிராணியின் புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது. வருடங்களுக்குத் தாளில் சாட்சி இல்லை.

கம்பெனிக்கு ஒரு தாள் கிடைத்திருக்கிறது. இணையத்தில் இருக்கும் உன் முதுகலை ஆய்வேடு. பக்கம் 143.

தொழிற்சங்கச் செயலாளர் முனுசாமி அண்ணன் அகராதி வைத்து ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். 'நான் இரண்டு ஆண்டுகள் மட்டுமே மருந்தடிக்கும் வேலையில் இருந்தேன். பின்னர் உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு மாறினேன். அந்த மாற்றம் எனக்கு நிம்மதி தந்தது.' கீழே, தொழிலாளி 12. கடைசிப் பக்கங்களில் ஒப்புதல் படிவம். எண் 12. அத்தையின் பெயர். அத்தையின் கையெழுத்து.

அத்தை கடைசிவரை கேட்டார். "நா எப்பலா இதச் சொன்னேன்?" என்றார். அவ்வளவுதான்.

விசாரணை ஆகஸ்டு 14. பேட்டியின் ஒலிப்பதிவு உன்னிடம் இருக்கும். அனுப்பு.

உன் தம்பி
யுகேந்திரன்


கோலாலம்பூர்
24 மார்ச் 2025

யுகேன்,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். கல்லூரியில் வேலை அதிகம். அம்மாவை கிளினிக்குக்கு அழைத்துப் போ. சாக்கு சொல்வார், கேட்காதே.

அத்தை விஷயம் கஷ்டமாக இருக்கிறது. பின்னிணைப்பில் பெயர்களை மறைத்திருக்க வேண்டும். அது என் தவறு. ஒத்துக்கொள்கிறேன்.

ஆண்டுக் கணக்கு எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும். பேச்சை எழுத்தாக்க ஒரு ஏ.ஐ. செயலியைப் பயன்படுத்தினேன். இப்போது எல்லாரும் பயன்படுத்துவதுதான். நம் ஊர்ப் பேச்சில் அது தடுமாறும். அப்படி ஏதாவது நடந்திருக்கலாம். பதிவுகள் பழைய மடிக்கணினியில் இருக்கின்றன. அது பழுதாகிக் கிடக்கிறது. தேடுகிறேன்.

அக்டோபரில் எனக்குப் பணி நிரந்தரம் பற்றி முடிவு செய்வார்கள். மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது. அதற்கு முன் எந்தச் சலசலப்பும் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அத்தையிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்
ராகினி


மெர்லிமாவ்
2 ஏப்ரல் 2025

அக்கா,

உன் சுகத்துக்குச் சந்தோஷம். அம்மா கிளினிக்குக்குப் போனார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

நீ விசாரித்ததாக அத்தையிடம் சொல்லவில்லை.

நீ பேட்டிக்கு வந்த அன்று தோட்டத்துப் பொதுமண்டபத்தில், டேவானில், நாற்காலி போட்டவன் நான். பன்னிரண்டு பெண்களையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டவன் நான். "மண்டோர் மாயாண்டி மக கேக்குறா, போராங்ல முதல்ல சைன் போட்டுருங்க, அப்புறம் பேசலாம்" என்று சொன்னவனும் நான்தான். யாரும் அந்தப் படிவத்தைப் படிக்கவில்லை. படிக்காததற்குக் காரணம் அப்பாவின் பெயர். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பெயருக்கு இன்னும் கையெழுத்து விழுகிறது. அவர் இருந்திருந்தால் பத்தொன்பது வருடம் என்று அவரே வந்து சொல்லியிருப்பார். அவர் மண்டோராக மேய்த்த பிரட்டில், அந்த வேலைக் குழுவில்தான் அத்தை வேலை செய்தார்.

நேற்று அத்தையிடம் உட்கார்ந்து கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"சைன் போட்டேன். அங்கிட்டு லோரி ஹாரன் அடிச்சிட்டான். ஆறாம் நம்பர் காட்டுக்கு ஆள் ஏத்துறான். வாரேன் புள்ளன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். ஒங்க அக்கா டீ குடுத்தா. அதக்கூடக் குடிக்கல."

"அப்ப பேசவே இல்லயா அத்த?"

"என்னாத்தப் பேசுறது? லோரி நிக்குமா?"

செயலி தடுமாறியது என்கிறாய். எதைக் கேட்டுத் தடுமாறியது?

மடிக்கணினி வேண்டாம். ஒரே கேள்விதான். பன்னிரண்டாவது பேட்டி எங்கே?

யுகேந்திரன்


கோலாலம்பூர்
30 ஏப்ரல் 2025

யுகேன்,

தாமதத்துக்கு மன்னி. தேர்வுத்தாள் திருத்தும் காலம். கண் எரிகிறது, மற்றபடி சுகம். அங்கே வெயில் எப்படி?

கல்லூரியில் புதிதாக ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். மாணவர்கள் ஏ.ஐ.யை எப்படிப் பொறுப்போடு பயன்படுத்த வேண்டும் என்று விதிமுறை எழுதும் குழு. நான்தான் எழுத வேண்டும். எட்டுப் பக்கம். உதவி பெற்ற இடத்தைச் சொல்ல வேண்டும். கிடைத்ததைச் சரிபார்க்க வேண்டும். இல்லாத தரவை உண்டாக்கக் கூடாது. மூன்றாவது விதியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

நீ கேட்டதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். இப்போது முடியவில்லை.

அம்மாவுக்கு மருந்து நேரத்துக்குக் கொடு.

ராகினி


மெர்லிமாவ்
6 மே 2025

அக்கா,

அம்மா நலம். நானும் நலம். உன் கண்ணைப் பார்த்துக்கொள்.

எட்டுப் பக்கம் எழுத நேரம் இருக்கிறது உனக்கு. எனக்கு ஒரு வரி எழுத இல்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனியின் மறுப்புக்குப் பதில் எழுத வேண்டும். மலாயில். முனுசாமி அண்ணன் நன்றாகப் பேசுவார், ஆனால் ஆபிஸ் மலாய் எழுத அவருக்குக் கை வராது. எனக்கும் வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை வீட்டுச் சமையல் மேசையில் உட்கார்ந்து, என் கைப்பேசியில் அதே மாதிரிச் செயலியைத் திறந்தோம். அத்தை சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அது கடிதமாக்கித் தந்தது. நல்ல மலாய். அண்ணன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"'என் நிலையை எண்ணி நாள்தோறும் கண்ணீர் வடித்தேன்'னு போட்டிருக்கு."

"நா அழுவல. எடு."

"இருக்கட்டும்லா. ஆபிசருக்கு மனசு எளகும்."

"ஒனக்கு வேணும்னா நீ அழு முனுசாமி. என் பேர்ல அழாத."

எடுத்தோம்.

"'நிர்வாகம் ஒருபோதும் கையுறை வழங்கவில்லை.'"

"குடுத்தாங்க."

"அத்த, அது கம்பெனிக்குல சாதகமாப் போவும்."

"ஒரு வாட்டி குடுத்தாங்க. ரெண்டு மாசத்துல ஓட்ட விழுந்துச்சு. கேட்டோம், அப்புறம் குடுக்கல. அப்பிடியே எழுது. நா பாத்தத எழுது."

மூன்று மணி நேரம் ஆனது. ஒன்றரைப் பக்கம். அத்தை சொல்லாத ஏழு வரி உள்ளே வந்திருந்தது. ஏழையும் எடுத்தோம். கடிதத்தின் கீழே 'மொழிபெயர்ப்புக்கு ஏ.ஐ. உதவி பெறப்பட்டது, மனுதாரரிடம் வரிக்கு வரி படித்துக் காட்டப்பட்டது' என்று முனுசாமி அண்ணன் கையால் எழுதினார். யாரும் கேட்கவில்லை. அவருக்கே தோன்றியது.

நீ பட்டதாரி. அண்ணன் ஆறாம் வகுப்பு.

உன்னிடம் இருந்ததும் எங்களிடம் இருந்ததும் ஒரே சாமான்தான் அக்கா. எங்கள் எதிரில் அத்தை உட்கார்ந்திருந்தார். உன் எதிரில் யார் இருந்தார்கள்?

யுகேந்திரன்


கோலாலம்பூர்
15 ஜூன் 2025

யுகேன்,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தூக்கம் குறைவு.

யாரும் இல்லை. அதுதான் பதில்.

பதினொரு பதிவு இருந்தது. படிவம் பன்னிரண்டு இருந்தது. என் ஆய்வு மேற்பார்வையாளர், 'பன்னிரண்டு என்று திட்டத்தில் எழுதியிருக்கிறாய், பன்னிரண்டு வேண்டும்' என்றார். திரும்பி வந்து அத்தையிடம் பேசலாம் என்று நினைத்தேன். மெர்லிமாவ் இரண்டு மணி நேரம்தான். ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். பிறகு நாள் இல்லை.

பதினொன்றையும் செயலிக்குக் கொடுத்தேன். இதே போல் இன்னொன்று வேண்டும் என்றேன். ஏன் என்று அது கேட்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு ஆண்டுகள் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. கதைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

படித்தேன். நன்றாக இருந்தது. மற்றவற்றைவிட. வாக்கியங்கள் ஒழுங்காக முடிந்தன. யாரும் நடுவில் எழுந்து பேரனைத் திட்டப் போகவில்லை. தேர்வாளர் அந்தப் பத்தியின் ஓரத்தில் 'மிகச் சிறப்பு' என்று எழுதினார். பன்னிரண்டில் அந்த ஒன்றுக்கு மட்டும்தான் எழுதினார்.

ஒரு பெயர்தானே, யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

இதோடு ஒரு விளக்கக் கடிதம் வைத்திருக்கிறேன். தட்டச்சுப் பிழை, பத்தொன்பது என்பது இரண்டு என்று பதிவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறேன். விசாரணையில் கொடுங்கள். அத்தைக்கு வேண்டியது பத்தொன்பது. அது கிடைத்துவிடும். மற்றதை அக்டோபருக்குப் பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன். உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அக்கா


மெர்லிமாவ்
2 ஜூலை 2025

அக்கா,

அம்மா நலம். அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

உன் விளக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கசங்கியிருக்கும். கசக்கியது நான். பிறகு நீவினேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அதைப் படித்ததும் எனக்கு நிம்மதி வந்தது. கேடுகெட்ட நிம்மதி. பத்தொன்பது வந்துவிடும், உன் வேலையும் போகாது. அப்படியே அத்தையிடம் எடுத்துப் போனேன். முனுசாமி அண்ணனும் வந்தார். படித்துக் காட்டினேன்.

அத்தை கேட்டார். "அப்ப அந்தப் பக்கத்துல மத்ததெல்லாம் அப்பிடியே இருக்குமா? நிம்மதி தந்துச்சுன்னு சொன்னது?"

"இருக்கும் அத்த. நம்பர் மட்டும் மாறும்."

"பத்தொம்பதுன்னு போட்டாலும் நா சொன்னதில்லயே அது."

"சாதகம்தான அத்த," என்றேன். நானே சொன்னேன் அக்கா. எனக்கே கேட்டது.

"மொத வாட்டி என்னயக் கேக்காம என் வாய்ல பொய்யப் போட்டா. இப்ப என்னயக் கேட்டுட்டுப் போடுறீங்க. இது அதவிடக் கேவலம். என் கையெழுத்தத் திருப்பிக் குடுக்கச் சொல்லு."

முனுசாமி அண்ணன் வேறு மாதிரி சொன்னார். "பதிவக் குடுன்னு கம்பெனி லாயர் ஒரு வார்த்த கேட்டா, என்னாத்தக் குடுப்பீங்க? அன்னைக்கு ராஜம்மாவும் பொய் சொன்னவளா ஆயிருவா."

யோசித்துப் பார்த்தேன். ஒரு பெண் பத்தொன்பது வருடம் விஷத்தை மூச்சில் இழுத்தார். அதைப் பற்றி இந்த நாட்டில் எழுதி வைக்கப்பட்ட ஒரே பக்கம் அந்தப் பெண் சொல்லாதது. எழுதியது நம் வீட்டுப் பெண். அதற்குப் பட்டம். கறுப்பு அங்கி போட்ட படம் இங்கே கூடத்தில் மாட்டியிருக்கிறது. அம்மா தினமும் துடைக்கிறார்.

உண்மையை எழுது. தேதி ஆகஸ்டு 14. அக்டோபர் இல்லை.

யுகேந்திரன்


மெர்லிமாவ்
24 ஜூலை 2025

அக்கா,

நலமா?

இருபத்திரண்டு நாள். இங்கே தபால்காரர் தினமும் வருகிறார்.

யுகேந்திரன்


கோலாலம்பூர்
4 ஆகஸ்டு 2025

யுகேன்,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இது பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கு.

உள்ளே மூன்று தாள். ஒன்று, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கொடுத்த வாக்குமூலம். ராஜம்மாவிடம் நான் எந்தப் பேட்டியும் எடுக்கவில்லை, பக்கம் 143-இல் உள்ளது அவர் பேச்சு அல்ல, செயலி உருவாக்கியது, அதை நான் தெரிந்தே சேர்த்தேன். இரண்டு, அதையே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதன் நகல். கல்லூரிக்கும் கொடுத்துவிட்டேன். மூன்று, அத்தையின் படிவம். அசல். அவரிடம் கொடு.

முதல் வாக்கியத்தை எழுத நான்கு நாள் ஆனது. 'சில தரவுகள் துணைக்கருவிகள் மூலம் நிறைவு செய்யப்பட்டன' என்று எழுதிப் பார்த்தேன். 'நேரமின்மை காரணமாக' என்று எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் இல்லாமல் அது நடந்திருந்தது. கடைசியில் நான் என்று தொடங்கினேன்.

செயலியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழகாக எழுதியிருக்கும்.

ராகினி


மெர்லிமாவ்
23 செப்டம்பர் 2025

அக்கா,

அம்மாவும் நானும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. எழுது.

ஆகஸ்டு 14 அன்று விசாரணைக்கு, ஆயர் குரோவுக்கு, முனுசாமி அண்ணன் காரில் போனோம். மருந்தடித்த மூன்று பெண்கள் சாட்சிக்கு வந்தார்கள். உன் வாக்குமூலத்தைக் கொடுத்தோம். கம்பெனி லாயர் விட்டுவிடவில்லை. ஆராய்ச்சிக்காரியே பொய் சொல்லுவாள் என்றால் அவள் ஊர்க்காரர்கள் சொல்வதை எப்படி நம்புவது என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அப்படிக் கேட்க இடம் கொடுத்தது நீ.

அதிகாரி அந்தப் பக்கத்தைக் கோப்பிலிருந்து விலக்கினார். அத்தையையே கேட்டார். எந்த வருடம் எந்தக் காடு, யார் மண்டோர், எந்த வருடம் எந்த மருந்து, டின் என்ன நிறம். அத்தை ஒன்று விடாமல் சொன்னார். மூச்சு வாங்கும்போது நிறுத்தினார். அதிகாரி காத்திருந்தார்.

முடிவு நேற்று வந்தது. பத்தொன்பது வருடம் ஏற்றுக்கொண்டார்கள். மனு பாஸ்.

அத்தை படிவத்தை வாங்கி அடுப்பில் போட்டார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. வராததை எழுதக் கூடாது என்று விட்டுவிட்டேன். ஆனால் நீ அனுப்பினாய். அதுவும் உண்மை.

யுகேந்திரன்


கோலாலம்பூர்
12 அக்டோபர் 2025

யுகேன்,

எல்லாரும் நலமாக இருங்கள். அத்தைக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். இதை அவரிடம் சொல்ல வேண்டாம். அவர் கேட்காதபோது நான் எதற்கு.

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. என் எட்டுப் பக்க விதிமுறையை என் பெயரை எடுத்துவிட்டு மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். விதிகள் சரியானவை. எடுக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

புதன்கிழமை பல்கலைக்கழக விசாரணை. மூன்று பேர். பட்டத்தை ரத்து செய்யப் பரிந்துரைப்பதாகச் சொன்னார்கள். சரி என்றேன். எழுந்திருக்கப் போனேன். தலைவர் நிறுத்தினார். பன்னிரண்டாவதைப் பொய் என்று ஒத்துக்கொண்டீர்கள், மற்றவையும் அப்படித்தானே என்றார். இல்லை என்றேன். தாளைப் புரட்டி ஒன்றைக் காட்டினார். இதைப் பாருங்கள், ஏ.ஐ. எழுத்தைக் கண்டறியும் செயலி இதற்குச் சிவப்புக் காட்டுகிறது, எங்களுக்கும் அப்படித்தான் படுகிறது, தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் இப்படிப் பேசுவாரா, இது யாரோ எழுத்தாளர் எழுதியது போல் இருக்கிறது. பன்னிரண்டாவதுதான் வேடிக்கை, அது உண்மை போலவே இருந்தது என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

அவர் காட்டியது ஐந்தாவது பேட்டி.

ஐந்தாவது, அம்மா. நம் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில் எடுத்தேன். நீ அங்கே இல்லை. அம்மா சொன்னதை உனக்குச் சொன்னதில்லை. "வாய்ல துண்டக் கட்டிக்கிட்டு மருந்தடிப்போம். வூட்டுக்கு வந்து அதே துண்டாலதான் புள்ள மூஞ்சியத் தொடைப்பேன். எந்தப் புள்ளன்னு கேக்காத."

அந்த வரியைத்தான் அவர் விரலால் தட்டிக் காட்டினார். இதை ஒரு தொழிலாளி சொல்லியிருக்க முடியாது என்றார்.

அவர்களைத் திட்டத் தோன்றியது. ஆனால் அம்மாவின் பக்கத்தில் சந்தேகத்தைக் கொண்டுபோய் வைத்தது யார். ஒன்றை நான் இட்டுக்கட்டினேன். பதினொன்றும் பொய்யாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க அம்மா யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னார். அதை யாரும் நம்பாதபடி செய்தவள் நான்.

பதினொரு பதிவும் என் கைப்பேசியில் இருந்தன. பழுதான மடிக்கணினி என்று எதுவும் கிடையாது. மேசை நடுவில் வைத்து ஓடவிட்டேன். குழாய் தண்ணீர்ச் சத்தம். கோழி. பிறகு அம்மா. அவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான். ஒவ்வொரு வரியையும் நிறுத்தி மொழிபெயர்த்தேன். ஒரு சொல்கூட நல்லதாக்கவில்லை. இருமலையும் இருமல் என்று சொன்னேன்.

நாற்பத்தொரு நிமிடப் பதிவு. இருபதாவது நிமிடத்தில் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். போதும், ஏற்றுக்கொள்கிறோம், அடுத்த கூட்டம் இருக்கிறது என்று கோப்பினை மூடி எழுந்தார். மற்ற இருவரும் எழுந்தார்கள்.

பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். உட்காருங்கள். அம்மா இன்னும் பேசி முடிக்கவில்லை.

உட்கார்ந்தார்கள்.

ராகினி